தலையிலிருந்து உதிர்வதெல்லாம் பொடுகு இல்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தோளில் வெள்ளைத் துகள் விழுந்ததும் கை பொடுகு ஷாம்புவைத் தேடுகிறது. உலர்ந்த தோல், செபோரிக் டெர்மடைடிஸ் (எண்ணெய்ப்பசை மிகுந்த தோலில் வரும் அழற்சி), சோரியாசிஸ் (காளாஞ்சகப்படை), படர்தாமரை, பேன் ஈர், சாயம் ஒத்துக்கொள்ளாத அழற்சி, சரியாக அலசாத ஷாம்புவின் மிச்சம் என்று எதுவானாலும் உதிரும்போது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கிளறிவிடும். உங்கள் அறிகுறிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் பரிசோதனை, அடிப்படைக் கழுவல் ஆகிய இரண்டையும் மட்டும் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் ஒரு பரிசோதனை

தலைக்குக் குளித்து 2 நாள் ஆகட்டும். எண்ணெய், ஜெல் எதுவும் வைக்காமல் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். உச்சி, பிடரி, காதுக்குப் பின்புறம் பார்க்க இன்னொருவர் உதவி வேண்டும். முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வகிடு எடுத்து வகிடு எடுத்து 5 இடங்களில் தோலைப் பார்க்க வேண்டும்: முன்நெற்றி ஓரம், உச்சி, இரண்டு காதுகளின் பின்புறம், பிடரி.

பிறகு கறுப்புத் தாளின் மேல் தலையைக் குனிந்து சீப்பால் லேசாகச் சுரண்டுங்கள். விழுந்த துகளை இரு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். பொடியாகிப் பறந்தால் உலர்ந்த செதில். பிசுபிசுத்து ஒட்டினால் எண்ணெய்ச் செதில். முடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளி இருந்தால் இரண்டு நகங்களால் பிடித்து முடியின் நுனி நோக்கி இழுங்கள். சுலபமாக வழுக்கி வருகிறதா, அசைய மறுக்கிறதா என்பதில் விஷயம் இருக்கிறது.

செதிலுக்கு அடியில் தோலின் நிறத்தையும் கவனியுங்கள். சாதாரணப் பொடுகில் தோல் சிவக்காது. கருமையான தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் ஊதா, சாம்பல் அல்லது சுற்றியுள்ள நிறத்தைவிட வெளிறிய திட்டாகத் தெரியலாம்.

ஏன் வருகிறது

மலசீசியா என்ற நுண்பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. பொடுகில் முக்கியமாகப் பேசப்படுபவை மலசீசியா குளோபோசா, மலசீசியா ரெஸ்ட்ரிக்டா என்ற இரண்டு இனங்கள். கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் இந்தப் பூஞ்சைக்கு இல்லை. குளோபோசாவின் மரபணுத் தொகுதி 2007-ல் முழுமையாக வாசிக்கப்பட்டபோது அதற்குரிய மரபணுவே அதில் இல்லை என்பது தெரிந்தது. ஆகவே நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கிறது. சிலருடைய தோல் அந்த ஒலியிக் அமிலத்தைத் தாங்காது. எரிச்சலடைந்து செல்களை அவசர அவசரமாக மேலே தள்ளுகிறது. தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டியவை கொத்தாக ஒட்டிக்கொண்டு உதிர்கின்றன. அதுதான் பொடுகு.

பூஞ்சை, எண்ணெய்ப்பசை, தாங்காத தோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பொடுகு வரும். வீட்டில் 4 பேர் ஒரே சீப்பைப் பயன்படுத்தியும் ஒருவருக்கு மட்டும் வருவது இதனால்தான். அது தொற்றுவதில்லை, அழுக்கின் அடையாளமும் இல்லை. பருவ வயதுக்குப் பின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும்போது தொடங்குவதும் இதே காரணத்தால்தான். பருவம் அடையாத பள்ளிப் பிள்ளைக்குப் "பொடுகு" என்றால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

அடிப்படைக் கழுவல்

மருந்து ஷாம்பு சாதாரண ஷாம்பு மாதிரி வேலை செய்வதில்லை. அது தோலில் தங்க வேண்டும்.

1. தலையை வெதுவெதுப்பான நீரில் நன்றாக நனைத்து, சாதாரண ஷாம்புவால் ஒருமுறை அலசி எண்ணெய்ப்பசையைக் கழற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் மருந்து எண்ணெயோடு கலந்து ஓடிவிடும்.

2. தண்ணீர் சொட்டாத அளவுக்கு முடியைப் பிழியுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும் தலையில் மருந்து நீர்த்துப்போகும்.

3. மருந்து ஷாம்பு குப்பியைக் குலுக்குங்கள். செலினியம் சல்பைடும் சிங்க் பைரிதியோனும் கரையாமல் மிதக்கும் துகள்கள், அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதிக் குப்பி வெறும் சோப்பு, கடைசிப் பாதி மிதமிஞ்சிய மருந்து.

4. குட்டை முடிக்கு 5 மி.லி., நீண்ட முடிக்கு 10 மி.லி. போதும். உள்ளங்கையில் தேய்த்து உச்சியில் அப்புவதைவிட, வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தோலில் வைப்பது சரியான முறை. முடியின் நீளத்துக்கு மருந்து தேவையில்லை.

5. நகம் படாமல் ஒரு நிமிடம் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். கடிகாரம் பார்த்து விடுங்கள். மனக்கணக்கில் 5 நிமிடம் என்பது பெரும்பாலும் 1 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

6. நன்றாக அலசுங்கள். கண்டிஷனர் வேண்டுமானால் முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும்.

அறிகுறி: எண்ணெய்ப்பிசுக்குடன் வெள்ளை அல்லது மஞ்சள் செதில், அரிப்பு, சிவப்பு இல்லை

இதுவே அசல் பொடுகு. இதற்குப் பயன்படும் மருந்துகள் இரு வகை. பூஞ்சையைக் குறைப்பவை ஒன்று, செதிலைக் கழற்றுபவை மற்றொன்று. பெட்டியின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

கீட்டோகோனசோல் 2%: வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். பூஞ்சையை அடக்குவதில் நம்பகமானது, தலையிலிருந்து உடலுக்குள் போவது மிகச் சொற்பம். 1 சதவீதமும் உண்டு. லேசான பொடுகுக்கு அது போதும். வேதிமுறையில் சுருட்டிய முடியாக இருந்தால் அந்தச் சுருளை இது தளர்த்தக்கூடும்.

சிங்க் பைரிதியோன், பொதுவாக 1% அளவில்: தோலுக்கு மென்மையானது, வாரம் 2, 3 முறை போடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் இதை அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்துவிட்டது. அங்கே அந்த இடத்தைப் பைரோக்டோன் ஓலமின், கிளிம்பசோல் போன்றவை பிடித்துக்கொண்டன. பழைய பெயரிலேயே விற்கும் ஷாம்புவுக்குள் இப்போது வேறு மருந்து இருக்கலாம். "அதே ஷாம்புதான், முன்பு போலக் கேட்கவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலினியம் சல்பைடு 1% அல்லது 2.5%: பூஞ்சை, செல் பெருக்கம் இரண்டையும் தணிக்கும். 2 முதல் 3 நிமிடம் போதும். மோதிரம், வளையல் போன்ற உலோக நகைகளைக் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும். நரைத்த, வெளிர்நிற அல்லது சாயமிட்ட முடியின் நிறத்தை மாற்றலாம். நன்றாக அலசினால் அது குறையும். சிலருக்குத் தலை முன்பைவிட எண்ணெய் வழிவதாகத் தோன்றும். புண்ணான தோலில் போடக் கூடாது.

சாலிசிலிக் அமிலம் 1.8 முதல் 3%: செதிலைக் கழற்றும், பூஞ்சையைத் தொடாது. தடித்த செதிலுக்கு முன்வேலை செய்ய நல்லது. தனியாக நாள்தோறும் போட்டால் தோல் உலர்ந்து, அந்த உலர்ச்சியே புதிய செதிலைக் கொண்டுவரும்.

நிலக்கரித் தார் 0.5 முதல் 5%: பழைய மருந்து, வேலை செய்யும், நாறும். வெளிர்நிற முடியிலும் தலையணை உறையிலும் கறை பிடிக்கும். போட்ட பிறகு தலைத்தோலில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், கீட்டோகோனசோல். வாரம் 2 நாள் அது, மற்ற நாள்களில் மென்மையான ஷாம்பு. 4 வாரம் முடியாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இறுகச் சுருண்ட, இயல்பிலேயே உலர்ந்த முடிக்கு வாரம் ஒருமுறையே போதும். அதற்குமேல் போனால் முடி முறியத் தொடங்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் மருந்து ஷாம்பு தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: மருந்து ஷாம்பு போட்டும் குறையவில்லை

மருந்தைக் குறை சொல்லும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

எத்தனை நிமிடம் விட்டீர்கள்? நுரைத்தவுடன் அலசுவதே தோல்விக்கு முதல் காரணம்.

எங்கே பட்டது? அடர்ந்த முடி உள்ளவர்களுக்கு நுரை முழுக்க முடியிலேயே நின்றுவிடும். தோல் நனைந்திருக்காது.

எத்தனை வாரம்? அரிப்பு ஒரு வாரத்தில் அடங்கும்; செதில் மெதுவாகத்தான் போகும். அரிப்பு நின்றதும் ஷாம்புவை நிறுத்துகிறவர்கள் பலர்.

செதில் தடிமனாக இருக்கிறதா? அப்படியானால் மருந்து தோலைத் தொடவே இல்லை. முதல் வாரம் சாலிசிலிக் அமில ஷாம்பு, அல்லது கழுவுவதற்கு 30 நிமிடம் முன்பு மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) தடவி ஊறவைத்து, செதில் இளகிய பிறகு பூஞ்சை மருந்துக்கு வாருங்கள்.

குளித்த மறுநாளே தலையில் எண்ணெய் வைக்கிறீர்களா? ஒரு கையால் பூஞ்சையைக் குறைத்து மறு கையால் தீனி போடுகிறீர்கள்.

இத்தனையும் சரி, 4 வாரமும் ஆகிவிட்டது என்றால், வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். கீட்டோகோனசோலில் தொடங்கியவர் செலினியம் சல்பைடு அல்லது சிங்க் பைரிதியோனுக்கு. அதிலும் 4 வாரத்தில் மாற்றம் இல்லையா? நோயே பொடுகு இல்லாமல் இருக்கலாம். மூன்றாவது ஷாம்பு வாங்கும் பணத்தைத் தோல் மருத்துவருக்குக் கொடுப்பது மேல்.

அறிகுறி: குணமாகிறது, நிறுத்தினால் திரும்புகிறது

இது மருந்தின் குறை இல்லை, பொடுகின் இயல்பு. பூஞ்சை தோலின் நிரந்தரக் குடி; எண்ணெய் இருக்கும்வரை அதுவும் இருக்கும். செதில் அடங்கிய பிறகு மருந்து ஷாம்புவை வாரம் ஒருமுறை அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை என்று தொடருங்கள். குளிர்ந்த, உலர்ந்த பருவத்திலும், தூக்கமில்லாத, மன உளைச்சலான நாள்களிலும் மீண்டும் வாரம் 2 முறை. தலைக்கவசம், தொப்பி நாள் முழுக்க அணிபவர்கள் வியர்த்த தலையை அப்படியே காயவிடாமல் கழுவுவது நல்லது.

"முற்றிலும் ஒழிக்கும்" என்று விற்கப்படுவது எதுவாக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அதைத் தள்ளிவிடலாம்.

அறிகுறி: பொடிப்பொடியான உலர்ந்த துகள், தோல் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு

கை, கால் தோலும் வறண்டிருந்தால் இது உலர்ந்த தலைத்தோல். கழுவுவது கூடிப்போனது, சுடுநீர், கடுமையான ஷாம்பு, குளிர்காற்று ஆகியவை காரணம். மருந்து ஷாம்பு போட்டால் மோசமாகும். குளியலை ஒன்றுவிட்டு ஒருநாள் அல்லது 3 நாளுக்கு ஒருமுறை என்று குறைத்து, நீரின் சூட்டைக் குறைத்து, வாசனை சேர்க்காத மென்மையான ஷாம்புவுக்கு மாறுங்கள். 2 வாரத்தில் தெளியும். எண்ணெய் தடவி உண்மையிலேயே பலன் பெறுவது இந்த வகைத் தலைதான்; எண்ணெய் பொடுகைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பிறந்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட தலைகளில்தான்.

குளித்துக் காய்ந்த சில மணி நேரத்திலேயே வெள்ளைப் பொடி தெரிந்தால் இன்னும் எளிய காரணம் இருக்கலாம்: அலசாமல் நின்ற ஷாம்பு, கண்டிஷனர், ஜெல். ஒரு முறை 2 நிமிடம் கூடுதலாக அலசிப் பாருங்கள்.

அறிகுறி: தோல் சிவந்திருக்கிறது, புருவம், மூக்கோரம், காதுமடல், தாடியிலும் செதில்

பொடுகின் அண்ணன்: செபோரிக் டெர்மடைடிஸ். அதே பூஞ்சை, கூடவே கண்ணுக்குத் தெரியும் அழற்சி. தலைக்கு மேலே சொன்ன கீட்டோகோனசோல் முறையே. அலசும் முன் அந்த நுரையைப் புருவத்திலும் தாடியிலும் 3 நிமிடம் விட்டுக் கழுவலாம். கண்ணில் படக் கூடாது. முகத்துக்குக் கீட்டோகோனசோல் 2% கிரீம் நாளுக்கு 1 அல்லது 2 முறை, 2 முதல் 4 வாரம்.

அரிப்பும் சிவப்பும் தாங்கவில்லை என்றால் மருத்துவர் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு லோஷன் தருவார். இங்கேதான் தவறு நடக்கிறது. ஸ்டீராய்டு 2 நாளில் அரிப்பை அணைத்துவிடும். அந்த வேகத்தில் மயங்கி மாதக்கணக்கில் தொடர்பவர்களுக்குத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கி, நிறுத்தியதும் முன்பைவிட ஆவேசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் குறைப்பதில்லை. தீயை அணைக்க ஸ்டீராய்டு, விறகை எடுக்கப் பூஞ்சை மருந்து என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதிய நாள்களைத் தாண்டாதீர்கள். முகத்துக்குத் தலை லோஷனைப் போடவே போடாதீர்கள்.

இமை ஓரத்தில் செதில் இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் 5 நிமிடம் ஒத்தடம், பிறகு நீர்த்த குழந்தை ஷாம்புவில் நனைத்த பஞ்சால் இமை விளிம்பைத் துடைப்பது. மருந்து ஷாம்பு இமைக்கு ஆகாது.

திடீரென்று கடுமையாக, உடலெங்கும் பரவி, எந்த மருந்துக்கும் அடங்காமல் வந்தால் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். எச்.ஐ.வி. தொற்றிலும் பார்க்கின்சன் நோயிலும் இது அதிகமாகவும் கடுமையாகவும் வரும்.

அறிகுறி: கெட்டியான வெள்ளிநிறச் செதில், நெற்றிக் கோட்டைத் தாண்டி வெளியே வருகிறது

திட்டின் விளிம்பு கோடு போட்டது போல இருக்கும். தொட்டால் தடிப்பு தெரியும். முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்பக்கம் பாருங்கள். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் சோரியாசிஸ் என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். காலையில் விரல் மூட்டு, முதுகு விறைப்பும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்ல மறந்தால் மூட்டுவாதம் கண்டுபிடிக்கப்படாமல் போகும்.

செதிலைப் பிய்க்காதீர்கள். அடியில் பொட்டுப் பொட்டாக இரத்தம் வரும். காயம்பட்ட இடத்திலேயே புதிய சோரியாசிஸ் முளைப்பது அந்த நோயின் குணம். சாலிசிலிக் அமிலம், தார், வைட்டமின் டி சார்ந்த கால்சிபோட்ரியால், வலுவான ஸ்டீராய்டு ஆகியவை இதற்கான மருந்துகள். பூஞ்சை ஷாம்பு மட்டும் இதைத் தீர்க்காது.

முடிக்கற்றையை ஒட்டுமொத்தமாக ஒட்டவைத்து, கூரை ஓடுபோல் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியிருந்தால் அதற்கும் மருத்துவர்தான். எண்ணெயில் ஊறவைத்து மெதுவாகக் கழற்ற வேண்டியது அது. இழுத்தால் முடியும் சேர்ந்து வரும்.

அறிகுறி: முடியில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி, தட்டினால் விழவில்லை

நகத்தால் இழுத்தும் அசையவில்லை, முடியின் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறது, காதுக்குப் பின்னும் பிடரியிலும்தான் அதிகம்: பேன் ஈர். தோலிலிருந்து ஏறக்குறைய 6 மி.மீ.க்குள் இருப்பவை உயிருள்ள முட்டையாக இருக்கலாம். தள்ளியிருப்பவை பெரும்பாலும் வெற்று ஓடு. ஈரத் தலையில் தாராளமாகக் கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைத் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13-ஆம் நாள்களில் இதைத் திரும்பச் செய்தால் புதிதாகப் பொரிப்பவை முட்டையிடும் முன் அகப்படும்.

முடியைச் சுற்றி வளையம்போல் இருந்து, இழுத்ததும் நுனிவரை வழுக்கி வந்துவிட்டால் அது மயிர்க்காலின் உறைத்துண்டு. தீங்கில்லாதது.

அறிகுறி: பிள்ளையின் தலையில் வட்டமான திட்டு, முடி முறிந்து நிற்கிறது

படர்தாமரை. இதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு குலம். முடியின் உள்ளேயே வளரும், மற்றவர்க்குத் தொற்றும். கறுப்புப் புள்ளிகளாக முறிந்த முடி, பிடரியில் நெறிகட்டுதல் ஆகியவை துணை அடையாளங்கள். மேலே தடவுவது எதுவும் மயிர்க்காலுக்குள் போகாது. கிரிசியோஃபுல்வின் அல்லது டெர்பினஃபின் மாத்திரை பல வாரம் தேவை. கிரிசியோஃபுல்வின் என்றால் 6 முதல் 8 வாரம் வழக்கம். கீட்டோகோனசோல் ஷாம்பு மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும், அவ்வளவே. சீப்பு, தொப்பி, துண்டு தனித்தனியாக வேண்டும். திட்டு வீங்கிக் கொழகொழத்துச் சீழ் கசிந்தால் அன்றே காட்டுங்கள். தாமதித்தால் அந்த இடம் தழும்பாகி நிரந்தரச் சொட்டையாகும்.

அறிகுறி: சாயம் அல்லது புதுப் பொருள் போட்ட 1 முதல் 3 நாளில் எரிச்சல், நீர்க்கசிவு

நெற்றி ஓரம், காது, இமை, கழுத்து வீங்கினால் ஒவ்வாமை. கருஞ்சாயத்தில் இருக்கும் பாரா-ஃபீனைலீன்டையமின் முதல் சந்தேகத்துக்குரியது; ஷாம்புவில் சேர்க்கும் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற, கெடாமல் காக்கும் பொருளும் அப்படியே. பொடுகு என்று நினைத்து மருந்து ஷாம்பு போட்டால் எரிகிற இடத்தில் காரம் பூசியது போலாகும். எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் நீரில் நன்றாக அலசுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை. ஒருமுறை ஒத்துக்கொள்ளாத சாயம் அடுத்த முறை இன்னும் வேகமாகத் தாக்கும்.

அறிகுறி: பொடுகோடு முடியும் கொட்டுகிறது

பொடுகு மயிர்க்காலை அழிப்பதில்லை. சொறிவதாலும் அழற்சியாலும் முடி கூடுதலாக உதிரும், தணிந்ததும் முளைக்கும். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. 3 நாள் குளிக்காதவர் தலையில் அது ஒரே நாளில் கொத்தாக வந்து பயமுறுத்தும். முடி கொட்டுமோ என்று பயந்து தலையைக் கழுவாமல் விடுவது பொடுகைத்தான் வளர்க்கும். திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்து, அந்த இடம் பளபளவென்று மயிர்க்காலின் துளையே தெரியாமல் இருந்தால் அது வேறு கதை. தழும்பாக்கும் நோய்கள் இருக்கின்றன, காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: எண்ணெய் வைத்தால் அடங்குகிறது, 2 நாளில் இரட்டிப்பாகிறது

எண்ணெய் செதிலைத் தோலோடு ஒட்டி மறைக்கிறது. மறைந்ததைக் குணமானதாக எடுத்துக்கொள்கிறோம். பூஞ்சை 11 முதல் 24 கரியணு நீளமுள்ள கொழுப்பு அமிலங்களை உண்டு வளரும். ஆலிவ், நல்லெண்ணெய் எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவை. தேங்காய் எண்ணெயில் பாதியளவுக்கு இருக்கும் லாரிக் அமிலமும் 12 கரியணு கொண்டது. மினரல் ஆயில் கொழுப்பு அமிலமே இல்லை என்பதால் தீனியாகாது.

எண்ணெய்யை விட மனமில்லையென்றால், கழுவும் முன் செதில் இளக்கியாக மட்டும் பயன்படுத்துங்கள்: 1 மேசைக்கரண்டி, 30 நிமிடம், பிறகு ஷாம்புவால் முழுக்க அகற்றல். இரவு முழுக்க ஊறவிடுவது பொடுகுத் தலைக்கு உதவாது.

அறிகுறி: இயற்கை வைத்தியம் செய்தேன், எரிகிறது

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 2, தலைத்தோல் விரும்புவது 5.5-ஐ ஒட்டிய அளவு. சொறிந்து கீறிய தோலில் நேரடியாகத் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? தேய்த்த தலையோடு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். சமையல் சோடா எதிர்ப்பக்கக் காரம், பி.எச். 8-க்கு மேல், தோலின் காப்பை உரித்துவிடும். இவை இரண்டையும் விட்டுவிடுங்கள். வினிகர் போட்டே தீர வேண்டுமென்றால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர், 2 நிமிடம், புண் இல்லாத தலை.

ஆராய்ச்சியில் ஓரளவு தேறியது தேயிலை மர எண்ணெய். 2002-ல் வெளியான சோதனையில் 126 பேர் 4 வாரம் பங்கேற்றார்கள். 5% எண்ணெய் கலந்த ஷாம்புவை நாள்தோறும் 3 நிமிடம் விட்டவர்களுக்குப் பொடுகு 41% குறைந்தது, வெற்று ஷாம்பு போட்டவர்களுக்கு 11%. வீட்டில் கலப்பதாக இருந்தால் 95 மி.லி. மென்மையான ஷாம்புவில் 5 மி.லி. எண்ணெய். "சில துளிகள்" என்ற கணக்கில் போட்டால் 1% கூட வராது. பலன் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மறுபக்கம், நேரடியாகத் தோலில் ஊற்றினால் வெந்துபோகும். முதலில் முழங்கை மடிப்பில் கலவையைத் தடவி 48 மணி நேரம் பாருங்கள். திறந்து மாதக்கணக்கில் வைத்த எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒவ்வாமையைத் தூண்டும்; பழையதைக் கொட்டிவிடுங்கள். விழுங்கினால் நஞ்சு, நாய் பூனைகளுக்கும் ஆகாது.

தேனுக்கு 30 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. 9 பங்கு தேனில் 1 பங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, ஒன்றுவிட்டு ஒருநாள் தேய்த்து 3 மணி நேரம் விட்டு, 4 வாரம். அரிப்பும் செதிலும் அடங்கின. நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பியது. செய்யலாம்தான், வாரத்துக்கு 3, 4 முறை தலையில் தேனோடு 3 மணி நேரம் உட்காரப் பொறுமை இருந்தால்.

கற்றாழைச் சாறு எரிச்சலைத் தணிக்கும். இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க ஒழுகவிட்டு, கழுவி, உள்ளிருக்கும் தெளிந்த கூழை மட்டும் எடுங்கள்; அந்த மஞ்சள் பால்தான் பலருக்கு அரிப்பைத் தருகிறது. வெந்தய விழுது கொழகொழப்பால் செதிலை ஊறவைக்கும். சரியாக அலசாவிட்டால் அதுவே காய்ந்து வெள்ளையாக உதிரும். தயிர் புளிப்பால் லேசாக மென்மையாக்கும், அதன் கொழுப்பு தலையில் தங்கும். வேப்பெண்ணெய் தோலுக்கு எரிச்சல் தரலாம். குழந்தைகள் விழுங்கினால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபாயம் உண்டு, ஆகவே எட்டாத இடத்தில் வையுங்கள்.

எந்த வீட்டு வைத்தியமானாலும் ஒரு நேரத்தில் ஒன்று, 4 வாரம். நான்கைக் கலந்து அரைத்துப் போட்டால் எது கேட்டது, எது எரித்தது என்று தெரியாது.

அறிகுறி: பச்சிளங்குழந்தையின் உச்சியில் மஞ்சள் பொருக்கு

குழந்தைக்கு அரிக்காது, வலிக்காது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே போய்விடும். குழந்தை எண்ணெய் சிறிது தடவி 15 நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் வட்டமாக வருடி, குழந்தை ஷாம்புவால் கழுவுங்கள். நகத்தால் பெயர்க்கக் கூடாது. சாலிசிலிக் அமிலம் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய தோல் அதை உடலுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். தேனும் இந்த வயதில் தலையில் வேண்டாம், வாய்க்குப் போனால் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோய் வரும் ஆபத்து ஓராண்டுவரை உண்டு. பொருக்கு கசிந்தாலோ, நாறினாலோ, கழுத்து மடிப்புக்கும் அரையாடை இடத்துக்கும் பரவினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.